வாசகர் கேள்வி–பதில்: ரிலீவரின் கைக்கு யார் பொறுப்பு?

அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான 2025 உலகத் தொடர் முடிந்ததிலிருந்து இப்பகுதிக்கு வரும் விளையாட்டுக் கேள்விகளில் பெரும்பாலானவை ஒன்றையே கேட்கின்றன: பேஸ்பாலில் ஆட்டத்தின் பிற்பகுதியில் வந்து எறியும் ரிலீவர்கள் எவ்வளவு எறியலாம், அவர்கள் கை கெட்டுப்போனால் அதற்கு யார் பொறுப்பு. ஆகவே இம்முறை மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு விளக்கம்: ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் (பந்தெறிபவர்) ஐந்தாறு இன்னிங்ஸ் (எதிரணியின் மூவரை வெளியேற்றினால் ஓர் இன்னிங்ஸ் எறிந்த கணக்கு) எறிந்துவிட்டு நான்கைந்து நாள் ஓய்வெடுப்பார், அவருக்குப் பின் வரும் ரிலீவர் ஓர் இன்னிங்ஸ் மட்டுமே எறிவார், ஆனால் மறுநாளும் கூப்பிட்டால் வர வேண்டும்.

ம. சி., ஸ்கார்பரோ: ரொறன்ரோ புளூ ஜேஸ் அணி 2025 பிளேஆஃப் சுற்றுகளில் (வழக்கமான பருவத்துக்குப் பின் கோப்பைக்காக நடப்பவை) ஆடிய 18 ஆட்டங்களில் 15 ஆட்டங்களில் லூயி வார்லண்ட் எறிந்தார். ஒருவரைப் பிடித்து இப்படிப் பிழிவது சரியில்லை என்கிறார் என் அண்ணா. ஒரு தடவைக்கு ஓர் இன்னிங்ஸ், சில நாள் அதுவும் இல்லை, இதில் என்ன களைப்பு என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

உங்கள் அண்ணாவின் பக்கமே நான் சாய்கிறேன். ஆனால் அவர் சொல்லும் 15 என்ற எண்ணிக்கைக்காக அல்ல.

ஒரே பிளேஆஃப் பருவத்தில் 15 ஆட்டங்கள் என்பது இதுவரை யாரும் எறியாத எண்ணிக்கை. அதற்கு முன்பு 2017இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் பிராண்டன் மோரோ 14 ஆட்டங்களில் எறிந்திருந்தார். ஆனால் ரிலீவரின் உழைப்பை ஆட்டக் கணக்காலும் இன்னிங்ஸ் கணக்காலும் மட்டும் அளந்தால் பாதி வேலை கணக்கிலேயே வராது. ரிலீவர்கள் காத்திருந்து சூடேறும் இடமான புல்பென்னில் தொலைபேசி அடிக்கிறது. பயிற்சியாளர் எடுத்துக் கேட்டுவிட்டு ஒரு பெயரைச் சொல்கிறார். அந்த ஆள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு எழுந்து, முதலில் மெதுவாக நாலு பந்து, பிறகு வேகத்தைக் கூட்டி, சில நிமிடங்களுக்குள் பதினைந்து இருபது பந்துகள் எறிந்து முழு வேகத்துக்கு வந்துவிடுகிறார். அதற்குள் மைதானத்தில் இருக்கும் பிட்சர் எப்படியோ மூன்றாவது ஆளையும் வெளியேற்றிவிடுகிறார். இவரை உட்காரச் சொல்கிறார்கள். அடுத்த இன்னிங்ஸில் மறுபடி தொலைபேசி அடிக்கிறது, மறுபடி எழுந்து சூடேற வேண்டும். கடைசியில் அவரை இறக்காமலே ஆட்டம் முடிந்துவிட்டால் அன்றைய ஸ்கோர் பட்டியலில் அவர் பெயரே இராது. மறுநாள் செய்தியைப் படிப்பவர் அவருக்கு நேற்று ஓய்வு என்றே நினைத்துக்கொள்வார்.

நீங்கள் சொல்லும் அந்த ‘ஓர் இன்னிங்ஸ்’ எப்படிப்பட்டது என்பதையும் பாருங்கள். அதே பிளேஆஃபில் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு எதிரான தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் ஆரன் ஜட்ஜ், வார்லண்டின் பந்தை இடது பக்கக் கம்பத்தில் அடித்து, ஹோம் ரன்னால் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றது) ஆட்டத்தைச் சமன் செய்தாரே, அந்தப் பந்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 100 மைல். தொடங்கும் பிட்சர் ஆறு இன்னிங்ஸுக்குத் தம் தெம்பைப் பங்கிட்டு எறிகிறார். ரிலீவருக்குப் பங்கிட எதுவுமில்லை, முதல் பந்திலேயே முழுவதையும் கொடுத்துவிடுகிறார்.

ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி: எங்கள் வீட்டில் இது தீராத சண்டை. மேனேஜர் ஜோ டாரி யாங்கீஸில் இருந்த காலத்தில் நம்பிக்கையான இரண்டு மூன்று ரிலீவர்களையே திரும்பத் திரும்பப் போட்டு அவர்கள் கையை ஒழித்தார் என்பது என் கட்சி. அதே டாரியிடம்தானே மரியானோ ரிவேரா வளர்ந்தார், அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறார் கணவர். பதில் சொல்ல முடியவில்லை.

உங்கள் கணவரின் கேள்வி நல்ல கேள்வி; பதிலும் அதே எண்களுக்குள்ளேயே இருக்கிறது. 1996இல் ரிவேரா வழக்கமான பருவத்தில் எறிந்தது 107⅔ இன்னிங்ஸ். பத்து ஆண்டு கழித்து, 2006இல் ஸ்காட் பிராக்டர் எறிந்தது 102⅓ இன்னிங்ஸ். கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனால் ரிவேரா அதை 61 ஆட்டங்களில் முடித்தார், பிராக்டருக்கு 83 ஆட்டங்கள் ஆயின. அதாவது ரிவேரா ஒரு தடவை வந்தால் இரண்டு இன்னிங்ஸ்கூட எறிந்துவிட்டு அடுத்த நாள் பெரும்பாலும் ஓய்வில் இருந்தார். பிராக்டர் 22 நாள் கூடுதலாக எழுந்து சூடேறி, பந்தெறியும் மேட்டுக்கு வந்தார். 2007இலும் பிராக்டர் 83 ஆட்டங்கள் எறிந்தார். அந்த ஜூன் மாத இறுதியில், ஒரு தோல்விக்குப் பிறகு, தம் ஆட்டச் சாமான்களை யாங்கீ ஸ்டேடியத்திலேயே தீயிட்டுக் கொளுத்தினார். அடுத்த மாதம் டாட்ஜர்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். 2008இல் டாரியும் அதே அணிக்கு மேனேஜராக வந்து சேர்ந்தார் என்பதை விதி என்பதா, வேடிக்கை என்பதா தெரியவில்லை. 2009இல் பிராக்டருக்கு முழங்கை அறுவை சிகிச்சை நடந்தது. ரிவேராவோ 2013 வரை எறிந்து 652 சேவ்களுடன் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துக்கொடுத்த தடவைகள்) ஓய்வு பெற்றார். அவருடைய இலகுவான எறிமுறையும் உடல்வாகும் எவருக்கும் கற்றுக்கொடுக்க முடியாதவை என்பது வேறு விஷயம். ஒருவர் தப்பித்ததைக் காட்டி மற்றவருக்கு நேர்ந்ததை இல்லையென்று சொல்ல முடியாது.

ஆனாலும் பழியை மேனேஜர் தலையில் மட்டும் போடும் உங்கள் கட்சியோடும் நான் முழுக்க ஒத்துப்போகவில்லை. நியூயார்க்கின் இன்னோர் அணியான மெட்ஸில் பெத்ரோ ஃபெலிசியானோ என்ற இடக்கைக்காரர் இருந்தார். 2008இல் 86, 2009இல் 88, 2010இல் 92 என மூன்று ஆண்டும் லீக்கிலேயே அதிக ஆட்டங்களில் எறிந்தவர் அவர்தான், மொத்தம் 266. பெரும்பாலும் இடக்கை மட்டையாளர் ஓரிருவருக்காக மட்டுமே இறக்கப்பட்டதால் இன்னிங்ஸ் கணக்கில் அது பெரிதாகத் தெரியவில்லை. 2010 பருவம் முடிந்ததும் யாங்கீஸ் அவருக்கு இரண்டு ஆண்டுக்கு 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. பெரிய லீக்கான மேஜர் லீக் ஆட்டத்தில் அவர் யாங்கீஸுக்காக ஒரே ஒரு பந்துகூட எறியவில்லை. தோள்பட்டை போய்விட்டது, அறுவை சிகிச்சையும் ஆயிற்று. மெட்ஸ் அவரை அளவுமீறிப் பயன்படுத்திவிட்டது என்று யாங்கீஸின் பொது மேலாளர் பிரையன் கேஷ்மன் வெளிப்படையாகக் குறைப்பட்டுக்கொண்டார். அதற்கு மெட்ஸின் பிட்சிங் பயிற்சியாளர் டான் வார்த்தன் சொன்ன பதில்தான் கவனிக்க வேண்டியது: அத்தனை ஆட்டம் எறிந்தவர் என்பதும் அவரை நாங்கள் மறுபடி ஒப்பந்தம் செய்யாததற்கு ஒரு காரணம் என்றார்.

அந்தப் பதிலை நிதானமாக யோசித்துப் பாருங்கள். கை தேய்ந்திருக்கிறது என்பது பயன்படுத்தியவர்களுக்கே தெரிந்திருந்தது. தேய்ந்த கையின் செலவு வேறொருவர் கணக்கில் விழும் என்பதும் தெரிந்திருந்தது. மோரோவின் கதையும் இதே வழியில் போயிற்று. 2017 உலகத் தொடரின் ஏழு ஆட்டங்களிலும் டாட்ஜர்ஸ் அவரை எறியவைத்தது. 1973இல் ஓக்லண்ட் அணியின் டாரல்ட் நோல்ஸுக்குப் பிறகு அப்படி எறிந்தவர் அவர் ஒருவரே. அந்தக் குளிர்காலத்தில் 2 கோடியே 10 லட்சம் டாலருக்கு அவரை எடுத்த சிகாகோ கப்ஸுக்குக் கிடைத்தது 35 ஆட்டங்கள். 2018 ஜூலைக்குப் பிறகு அவர் பெரிய லீக்கில் எறியவே இல்லை.

அதே கப்ஸ் அதற்கு முன்பு, 2016இல், மறுபக்கத்தில் இருந்தது. பருவத்தின் பாதியில் யாங்கீஸிடமிருந்து கொண்டுவந்த ரிலீவர் ஆரோல்டிஸ் சாப்மனை உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் 42 பந்துகள், ஐந்து ரன் முன்னிலையில் இருந்தபோதே இறக்கிய ஆறாவது ஆட்டத்தில் 20, மறுநாள் ஏழாவது ஆட்டத்தில் 35 என நான்கு நாளுக்குள் 97 பந்துகள் எறியவைத்தார் மேனேஜர் ஜோ மேடன். ஏழாவது ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் ரஜாய் டேவிஸ் அடித்த ஹோம் ரன்னைப் பார்த்தவர்களுக்கு, எறிந்த கையில் தெம்பு இல்லாதது தெரிந்திருக்கும். கப்ஸ் 108 ஆண்டுகளுக்குப் பின் கோப்பையை வென்றது. யாங்கீஸுக்குத் திரும்பிய சாப்மன் ஆறாவது ஆட்டத்தில் தம்மை இறக்கியதில் தமக்கு உடன்பாடில்லை என்று சொன்னார். 2017 மே மாதம் தோள் வீக்கத்தால் காயப்பட்டியலுக்குப் போனார். கப்ஸ் ரசிகர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், மேடன் செய்தது தவறென்று மனதாரச் சொல்வாரா என்று. நானாக இருந்தாலும் ஆறாவது ஆட்டத்தை மட்டும்தான் குறை சொல்வேன்.

ஆகவே மேனேஜர் ஒரு கருவிதான். அன்றைய வெற்றிக்காக அவரை வேலைக்கு வைத்திருப்பது அணி நிர்வாகம். அடுத்த ஆண்டு தன்னிடம் இருக்கப்போகாத ஒருவரின் தோளைக் காக்க அந்த நிர்வாகத்துக்கு எந்த லாபமும் இல்லை. உங்கள் வீட்டுச் சண்டையில் நிர்வாகத்தின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெ. கி., கோயம்புத்தூர்: 1974இல் மைக் மார்ஷல் 106 ஆட்டங்களில் 208 இன்னிங்ஸ் எறிந்தாராம், அத்தனையும் ரிலீவராக. இன்று 60 இன்னிங்ஸ் எறிந்தவர்களே கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பழைய ஆட்களுக்கு இருந்த உரம் இப்போதுள்ளவர்களுக்கு இல்லை என்று சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா?

ஒப்புக்கொள்ள மாட்டேன். மார்ஷல் எறிந்தது உண்மை. அந்த ஆண்டு, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதையும் பெற்றார், ரிலீவர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை. உடலியக்க அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற அவர் தம் எறிமுறையைத் தாமே ஆராய்ந்து அமைத்துக்கொண்டவர். 1979இலும் 90 ஆட்டங்களில் எறிந்தார். ஆனால் அதே 1974இல், அதே டாட்ஜர்ஸ் அணியில், ஜூலை மாதம் ஓர் ஆட்டத்தின் நடுவே டாமி ஜான் என்ற பிட்சரின் முழங்கைப் பிணைநார் அறுந்தது. செப்டம்பர் 25ஆம் தேதி மருத்துவர் ஃபிராங்க் ஜோப் அவருடைய வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கையில் பிணைத்துத் தைத்தார். அதற்கு முன்பு அந்தக் காயம் பட்டவர்கள் ‘கை செத்துப்போயிற்று’ என்று சொல்லிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லாததால்தான் பழைய ஆட்கள் எல்லாரும் இரும்பாக நமக்குத் தெரிகிறார்கள். டாமி ஜான் அந்த அறுவைக்குப் பிறகு மட்டும் 164 ஆட்டங்களை வென்றார். இன்று அந்தச் சிகிச்சைக்கு அவர் பெயரே வழங்குகிறது.

அடுத்தது வேகம். 2008இல் பெரிய லீக்கில் நேர்வேகப் பந்தின் சராசரி மணிக்கு 91.3 மைல், 2024இல் 94.2 மைல். மூன்று மைல்தானே என்று தோன்றும். ஆனால் பந்தெறியும் கணத்தில் முழங்கையின் உட்புறத்தில் ஏற்படும் முறுக்குவிசையைப் பிணைநார் தனியாகத் தாங்கவே முடியாது. முன்கைத் தசைகள் இறுகி அதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்வதால்தான் அது பிழைத்திருக்கிறது. தசை களைத்தால் அந்தப் பங்கும் நாரின் மேலேயே விழுகிறது. வேகம் கூடக்கூட விசை கூடுகிறது. ஓய்வு குறையக் குறைய தசையின் உதவி குறைகிறது. ரிலீவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் நேர்கின்றன.

பிட்சர் காயங்களை ஆராய்ந்து மேஜர் லீக் நிர்வாகமே 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையும், வேகத்தையும் பந்தின் திருகலையும் எல்லைவரை துரத்துவதையும், ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தில் எறிவதையுமே முதன்மைக் காரணங்களாகச் சொன்னது. பிட்சர்கள் காயப்பட்டியலில் சேர்க்கப்பட்ட தடவைகள் 2005இல் 212, 2024இல் 485 என்றும் அது கணக்குக் காட்டியது. உரம் குறைந்துவிட்டது என்பதைவிட, இருக்கும் உரத்துக்கு மேல் கேட்கிறோம் என்பதே பொருத்தம்.

ஒரு மாணவர், மதுரை: நம் பும்ராவின் ‘பணிச்சுமை’ப் பேச்சும் இதுவும் ஒன்றுதானா?

உறவு உண்டு, ஒன்றல்ல. 2024–25 ஆஸ்திரேலியத் தொடரில் 32 விக்கெட் எடுத்த பும்ரா, சிட்னியில் முதுகு பிடித்துக்கொண்டதால் கடைசி இன்னிங்ஸில் பந்து வீச முடியாமல் போனது. அடுத்து இங்கிலாந்தில் ஐந்து டெஸ்டுகளில் மூன்றில் மட்டுமே ஆடினார். வேகப்பந்து வீச்சாளருக்கு அடி விழுவது முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில், பிட்சருக்கு முழங்கையிலும் தோளிலும். பும்ராவுக்கு எந்த ஆட்டத்தில் ஓய்வு என்று தொடருக்கு முன்பே பேசி முடிவு செய்ய முடிகிறது. 162 ஆட்டங்கள் உள்ள பருவத்தில் தொலைபேசி எப்போது அடிக்கும் என்று ரிலீவருக்குத் தெரியாது.

சி. த., யாழ்ப்பாணம்: 2023இல் கொண்டுவந்த பிட்ச் கடிகாரம்தான் கைகளைக் கெடுக்கிறது என்று வாசித்தேன். உண்மையா?

2024 ஏப்ரலில் ஆட்டக்காரர் சங்கம் அப்படித்தான் அறிக்கை விட்டது. லீக் நிர்வாகம் உடனே மறுத்தது. பந்துக்கும் பந்துக்கும் இடையே பதினைந்து வினாடி, ஓட்டக்காரர் நின்றால் முதலில் இருபதும் 2024 முதல் பதினெட்டும் என்பது விதி. களைத்த தசைக்கு மூச்சுவிட நேரம் குறைகிறது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் காயங்களின் ஏற்றம் கடிகாரத்துக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. இரு தரப்புக்கும் பேரம் பேச ஒரு காரணம் தேவைப்பட்டது என்பதைத் தாண்டி அந்தச் சண்டையில் நான் அதிகம் காணவில்லை.

ந. ஹ., சிங்கப்பூர்: இத்தனை பேசுவதற்குப் பதில், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் எறியக்கூடாது என்று ஒரு விதி போட்டுவிடலாமே?

சிறுவர்களுக்கு அப்படிப்பட்ட விதி இருக்கிறது. அமெரிக்காவின் லிட்டில் லீக்கில் 11, 12 வயதுப் பையன் ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் எறியக்கூடாது; 66ஐத் தொட்டுவிட்டாலே அடுத்த நான்கு நாள் ஓய்வு. ஜப்பானின் பள்ளிப் போட்டிகளிலும் 2020 முதல் வாரத்துக்கு 500 பந்துகள் என்ற வரம்பு வந்துவிட்டது. பெரிய லீக்கில் மட்டும் எவரும் இதைக் கேட்பதில்லை.

காரணம், தடுக்கப்பட வேண்டியவர்களில் பிட்சரும் ஒருவர். 2017 உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தன்று மோரோவுக்கு ஓய்வு கொடுப்பதாகவே திட்டம். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது தாமே சொல்லியனுப்பி, என்னால் எறிய முடியும் என்றார். இறக்கினார்கள். ஆறே பந்துகளில் நான்கு ரன் போயிற்று. அவர் பேராசைப்பட்டார் என்று நான் சொல்ல மாட்டேன்; அந்த இடத்தில் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்கிற ரிலீவரை அணித்தோழர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒப்பந்தமும் அதையே வளர்க்கிறது: ரன் சராசரிக்கோ வெற்றிக்கோ ஊக்கத்தொகை எழுதக்கூடாது, ஆனால் எறிந்த ஆட்டங்களின் எண்ணிக்கைக்கு எழுதலாம். அறுபதாவது ஆட்டத்துக்கு இவ்வளவு, எழுபதாவதுக்கு இவ்வளவு என்று இருக்கும்போது கை வலிக்கிறது என்று யார் சொல்வார்கள்?

விதி போடுவதானால் நான் வேறொன்றைக் கேட்பேன். புல்பென்னில் எழுந்து சூடேறியதையும் எறிந்ததாகவே கணக்கில் ஏற்றி, அந்தக் கணக்கை எல்லா அணிகளும் பார்க்கும்படி வெளியிடட்டும். அடுத்த ஒப்பந்தம் கொடுப்பவர் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவார். தெரிந்து வாங்குபவர் இருந்தால், விற்கப்போகிற கையைப் பார்த்துப் பயன்படுத்த வேண்டிய அவசியம் முன்னவருக்கும் வரும்.

ஒரு வாசகர், சென்னை: நள்ளிரவில் கைப்பேசியில் ஆட்டம் பார்க்கும் என்னைப் போன்றவன், ஒரு ரிலீவர் களைத்துவிட்டார் என்பதை எதை வைத்துக் கண்டுகொள்வது?

வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள்; களைத்த பிறகும் பலர் வேகத்தை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்வார்கள், அதுதான் ஆபத்தும். முதலில் கைவிடுவது குறி. தாழ எறிய நினைத்த பந்து இடுப்புயரத்தில் நிற்கும். பிடிப்பவரின் கையுறை ஒவ்வொரு பந்துக்கும் காட்டிய இடத்திலிருந்து நகர்ந்துகொண்டே இருக்கும். பந்துக்குப் பின் கையை உதறுவது, முன்கையைத் தேய்ப்பது, பயிற்சியாளர் பக்கம் பார்க்காமல் தவிர்ப்பது ஆகியவையும் உண்டு. முந்தைய மூன்று நாளில் அவர் எத்தனை தடவை வந்தார் என்பதை ஆட்டத்துக்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

விதிவிலக்குகள் உங்களைக் குழப்பும், அதையும் சொல்லிவிடுகிறேன். 2025 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் 96 பந்துகள் எறிந்த யோஷினோபு யாமமோட்டோ மறுநாள் ஏழாவது ஆட்டத்தில் ரிலீவராக வந்து 34 பந்துகள் எறிந்து கோப்பையை வாங்கிக் கொடுத்தார். களைப்பின் அடையாளங்களை அவரிடம் தேடினால் ஏமாந்துபோவீர்கள். சான் பிரான்சிஸ்கோவில் 2021இல் 80 ஆட்டங்கள் எறிந்த டைலர் ராஜர்ஸ் இன்னொரு வகை: தரையை உரசுவதுபோல் கீழிருந்து, மணிக்கு எண்பது மைலை ஒட்டிய வேகத்தில் எறிபவர், ஆண்டுதோறும் அதிக ஆட்டங்கள் எறிந்தோர் வரிசையில் அவர் பெயர் இருக்கும். 2025 டிசம்பரில் அவரை ஒப்பந்தம் செய்த அணி வார்லண்டின் ரொறன்ரோ புளூ ஜேஸ். வார்லண்டுக்கு அதனால் சில மாலைகள் ஓய்வு கிடைக்கக்கூடும் என்பதை ஸ்கார்பரோ வாசகரின் அண்ணாவிடம் யாராவது சொல்லிவிடுங்கள்.